வரியை முழுசாகப் படி

என்னிடம் யாராவது "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று ஆரம்பித்தால், என் வேலைக்கு உலை வைக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். இத்தனை வருட அனுபவத்தில் இது ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை.

எங்கள் மேலாளரும் அப்படித்தான் ஆரம்பித்தார். நல்ல மனிதர். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். என் மேசைக்கு வந்தால், வந்திருப்பது எனக்குத் தெரிய வேண்டுமே என்று ஒரு செருமல் செருமுவார். அன்றைக்கும் செருமினார்.

"மேடம், புது ப்ரோக்ராம் உங்களுக்குச் சரியா வரலைன்னு கேள்விப்பட்டேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்? கொஞ்ச நாள் வரவேற்புல உட்காருங்களேன். வர்றவங்களை உட்காரச் சொன்னாப் போதும்."

நான் குடிநீர் வழங்கும் அலுவலகத்தில் புகார் எடுப்பவள். தண்ணீர் வரவில்லை, குழாய் உடைந்துவிட்டது, கலங்கலாக வருகிறது என்று ஊரில் யார் கூப்பிட்டாலும் எங்கள் பிரிவில் ஒருவர்தான் எடுக்க வேண்டும். எனக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. இடது காதில் கூப்பிடுகிறவர் பேசுவார், வலது காதில் என் மடிக்கணினி பேசும். திரையில் இருப்பதைக் குரலாக்கிப் படித்துக் காட்டும் வாசிப்பான் என்ற மென்பொருள் அதில் இருக்கிறது. இரண்டு காதிலும் இரண்டு பேர் பேச, விரல் ஒரு பக்கம் தட்டச்சு செய்ய, வாய் "சொல்லுங்க சார்" என்று சொல்ல, இந்த வேலை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பக்கத்து இருக்கைக்காரி ஒரு புகாரை முடிப்பதற்குள் நான் அடுத்ததை எடுத்திருப்பேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

புதிய ப்ரோக்ராம் வந்து என் அடிமடியில் கை வைத்தது. பழையதில் தெருவின் பெயரைத் தட்டச்சு செய்தால் முடிந்தது. புதியதில் ஒரு பட்டியல் விரியும், அதிலிருந்து தெருவைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் புகார் பதிவாகாது. பட்டியல் விரிந்ததும் என் வாசிப்பான் சொன்னது: "பட்டியல். காலி."

பக்கத்து இருக்கைக்காரி எட்டிப் பார்த்தாள். "நிறைய தெரு இருக்கேக்கா" என்றாள். நான் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே இருந்தேன். காலி, காலி, காலி என்று அது கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தது. இடது காதில் ஒரு பெரியவர், "இருக்கீங்களாம்மா, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆக, வரவேற்பு. சுழல் நாற்காலி, மின்விசிறிக்கு நேர் கீழே இடம், எதிரில் ஒரு பூச்சாடி. பூ பிளாஸ்டிக் என்று தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் தேன் ஒழுகப் பேசினார்கள். ஒரு அம்மா என் கையைப் பிடித்து அதில் ஒரு ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போனார். நான் என்ன ஆஸ்பத்திரியிலா படுத்திருக்கிறேன்? பழம் நன்றாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம்.

ஆனால் வரவேற்பு எனக்கு ஒன்றைத் தாராளமாகக் கொடுத்தது, வெட்டி நேரம். அந்த நேரத்தில் இணையத்தைக் குடைந்தேன். என் வாசிப்பான் திறந்த மூல மென்பொருள். யாரோ ஒரு நிறுவனத்தின் சொத்து கிடையாது; அதை எழுதுகிறவர்களும் பயன்படுத்துகிறவர்களும் பேசிக்கொள்ளும் குழு ஒன்று இணையத்தில் இருக்கிறது. இந்த மாதிரிப் பட்டியல்களைக் காலி என்று படிப்பது ஏற்கனவே தெரிந்த கோளாறு என்று அங்கே போட்டிருந்தது. அதைத் திருத்தியும் விட்டார்கள். திருத்தியவர் 'ஆந்தை' என்ற புனைபெயரில் உலவுகிற ஒருவர். ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. அடுத்த பதிப்பு எப்போது வரும் என்று அவரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். பதிலைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "மாதங்கள் ஆகும். அவசரம் என்றால் மூலத்திலிருந்து நீயே கம்பைல் செய்துகொள்."

அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பொத்தானை அழுத்தி மென்பொருளை நிறுவுவதுதான். அது கடையில் தைத்துத் தொங்கவிட்டிருக்கும் சட்டையை வாங்குகிற மாதிரி. இது துணியையும் அளவையும் கையில் கொடுத்து, தையல் மெஷின் அதோ இருக்கிறது, உட்கார் என்கிற மாதிரி. எழுதியவர்கள் எழுதியபடியே இருக்கும் மூலநிரலை இறக்கி, அதை என் கணினிக்குப் புரிகிற வடிவத்துக்கு நானே மாற்றிக்கொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை மேலாளர் மறுபடியும் செருமினார்.

"திங்கக்கிழமை யாருக்கு எந்த இருக்கைன்னு தலைமை அலுவலகத்துக்கு எழுதி அனுப்பணும். ஒரு தடவை அனுப்பிட்டா அப்புறம் மாத்துறது ரொம்பக் கஷ்டம். உங்களை வரவேற்புலயே போட்டுடட்டுமா மேடம்? உங்களுக்கும் நிம்மதி."

"வேண்டாம் சார். திங்கக்கிழமை காலைல நான் என் இருக்கைல உட்காருறேன். புது ப்ரோக்ராம்ல புகார் எடுக்குறேன். நீங்க பக்கத்துல நின்னு பாருங்க. ஒரு புகார் தடுமாறினாலும் நானே வரவேற்புக்குப் போயிடறேன்."

"அது சரியாயிடுச்சா?"

"ஆயிடும்."

வாய் கொடுத்தாயிற்று. எனக்குப் பயமே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயத்தைவிட ஆத்திரம் பெரிசாக இருந்தது, அது எனக்கு எப்போதும் நல்ல எரிபொருள்.

சனிக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். என் கணவர் பேருந்து ஓட்டுநர், அன்று அவருக்கு ஓய்வு நாள். எதிரில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"நீ இதையெல்லாம் கண்ணை மூடிக்கிட்டுப் பண்ணிடுவே" என்றார்.

"வேற வழி?" என்றேன்.

இப்படிப் பேசுகிறவர் என்பதால்தான் இவரைக் கட்டிக்கொண்டேன். இவரிடம் ஒரே ஒரு குறை. எதையும் முழுசாகச் சொல்ல மாட்டார். சேர்ந்து படம் பார்க்க உட்கார்ந்தால் வசனம் இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்று கேட்பேன். "ரெண்டு பேரும் முறைச்சுக்கிறாங்க" என்பார். கால் மணி நேரமாகவா முறைக்கிறார்கள்?

என் மடிக்கணினியை இயக்குவது லினக்ஸ்; அதில் முனையம் என்று ஒன்று இருக்கிறது. படம், பொத்தான் எதுவும் கிடையாது. கட்டளையை எழுத்தில் கொடுத்தால் பதில் எழுத்திலேயே வரும். பார்வை உள்ளவர்கள் பலருக்கு அதைக் கண்டாலே அலர்ஜி. எனக்கோ அது சொந்த வீடு. எழுத்து எதுவானாலும் என் வாசிப்பான் படித்துவிடும்.

ஆனாலும் முதல் அடியே சறுக்கல்தான். வழிமுறையில் இருந்த கட்டளையை வாசிப்பான் படித்தபடி அப்படியே தட்டினேன். "டாலர்: அப்படி ஒரு கட்டளை இல்லை" என்றது. மறுபடி தட்டினேன், மறுபடி அதே பதில். பிறகுதான் விளங்கியது. வரியின் முன்னால் இருக்கும் டாலர் குறி, இங்கே தட்டு என்பதற்கான அடையாளம் மட்டும். அதையும் சேர்த்துத் தட்டக் கூடாது. குழுவின் பழைய கேள்விகளைத் தேடியதில் இந்தத் தப்பைச் செய்தவர்கள் ஒரு படையே இருந்தார்கள், எல்லோரும் கண் தெரிந்தவர்கள். எனக்கு உற்சாகமாகிவிட்டது.

அடுத்தது கன்ஃபிகர் என்ற கட்டளை. என் கணினியில் தேவையானதெல்லாம் இருக்கிறதா என்று அதுவே கேள்வி கேட்டு அதுவே பதிலும் சொல்லிக்கொள்ளும். அது இருக்கிறதா, ஆம். இது இருக்கிறதா, ஆம். ஊருக்குக் கிளம்பும் முன் என் மாமியார் இப்படித்தான் வீட்டைச் சுற்றி வருவார்: கேஸ் மூடியாச்சா, மூடியாச்சு, ஜன்னல் சாத்தியாச்சா, சாத்தியாச்சு. என் மாமியாரைப் போலவே இதுவும் ஒன்று குறைந்தால் வீட்டு வாசலைத் தாண்டாது. ஒலிக்கான லைப்ரரி, அதாவது மற்ற மென்பொருள்கள் இரவல் வாங்கிக்கொள்ளும் நிரல் தொகுப்பு, இல்லை என்று நின்றுவிட்டது. இருக்கிறதே, அதில்தானே நீ என்னிடம் பேசிக்கொண்டிருக்கிறாய் என்று எரிச்சலாக வந்தது. படித்துப் பார்த்ததில் விஷயம் தெரிந்தது. லைப்ரரியைப் பயன்படுத்த ஒரு பொட்டலம், அதை வைத்துப் புதிதாக ஒன்றைக் கட்டுவதற்கு 'டெவ்' என்று வால் வைத்த இன்னொரு பொட்டலம். இரண்டாவதை நிறுவினேன். கன்ஃபிகர் அதைத் தாண்டிப் போய் அடுத்த இடத்தில் நின்றது. அதற்கும் ஒரு டெவ். இப்படி ஒவ்வொன்றாகப் போட்டுப் போட்டு, காய் குழம்பாகி இறங்குவதற்குள் எல்லாம் ஆம், ஆம், ஆம் என்று முடிந்தது.

பிறகு மேக். இதுதான் உண்மையான கம்பைல். தட்டியதும் வரிகள் கொட்ட ஆரம்பித்தன. ஒவ்வொன்றும் ஒரு முழம். வாசிப்பான் மூச்சுவிடாமல் படித்தது. நானும் எதையும் தவறவிடக் கூடாது என்று பக்தியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். சாப்பிட்டோம், பாத்திரம் கழுவினோம், அது இன்னும் படித்துக்கொண்டிருந்தது.

என் கணவர் திரையைப் பார்த்துவிட்டு, "இது எப்பவோ நின்னுடுச்சே" என்றார்.

கணினி முதல் நிமிடத்திலேயே பிழை வந்து நின்றுவிட்டிருக்கிறது. குரல்தான் பின்னாலிருந்து ஒவ்வொரு வரியாக ஓதிக்கொண்டு வந்திருக்கிறது. என் மேல் எனக்கே சிரிப்பு வந்தது. இதற்கு வழி, வருவதையெல்லாம் ஒரு கோப்பில் கொட்டச் சொல்லிவிட்டு, முடிந்ததும் 'பிழை' என்ற சொல்லை அதில் தேடுவது. தேடும்போதும் கடைசிப் பிழையைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது. அது முன்னால் நடந்ததற்கு அழுகிற அழுகைதான். முதல் பிழை எதுவோ அதுதான் மூலகாரணம். எனக்கு அது இன்னொரு டெவ் பொட்டலமாக இருந்தது. போட்டேன். மறுபடி மேக். அது முடிவதற்குள் இருட்டிவிட்டது. இந்தத் தடவை பிழை என்று தேடினால் ஒன்றுமே வரவில்லை.

மேக் இன்ஸ்டால். கடவுச்சொல் கேட்டது. அதைத் தட்டும்போது திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை என்று கணவர் சொன்னார். அந்த ஒரு இடத்தில் உலகமே என்னைப் போலத்தான்.

இனி பழைய வாசிப்பானை நிறுத்திவிட்டுப் புதியதைத் தொடங்க வேண்டும். நிறுத்தினேன். புதியதின் பெயரைத் தட்டி என்டரை அழுத்தினேன்.

அமைதி.

உங்களுக்கு எப்படிச் சொல்வது? திரை அணைந்தால் உங்களுக்கு இருட்டு, அவ்வளவுதான். எனக்கு அந்த அறையே காணாமல் போன மாதிரி இருந்தது. மேசை இருக்கிறது, விசைப்பலகை இருக்கிறது, கணினி எங்கே? வெளியேறி மறுபடி நுழைந்தால் பழைய குரல் வந்துவிடும். ஆனால் என்ன தப்பு என்று திரையில் நிற்கும் செய்தி போய்விடும்.

"என்னங்க, திரையில என்ன எழுதியிருக்கு?"

"பிழைன்னு போட்டிருக்கு."

"அப்புறம்?"

"ஏதோ லைப்ரரியாம். அதைக் காணோமாம்."

"எந்த லைப்ரரி?"

"பேரு என்னமோ நீளமாப் போகுது. நடுவுல புள்ளி வேற. அதெல்லாம் முக்கியம் இல்ல, விடு."

என் கைப்பேசியும் பேசும். அதில் ஆந்தைக்கு எழுதினேன்: புதியது தொடங்கவில்லை, ஏதோ ஒரு லைப்ரரி இல்லையாம். பதில் உடனே வந்தது.

"'ஏதோ ஒரு' என்பது லைப்ரரியின் பெயர் இல்லை. வரியை முழுசாக அனுப்பு."

கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு கணவர் பக்கம் திரும்பினேன். திரும்பியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அது எனக்கே எதிர்பாராத விஷயம்.

"எல்லாரும் எனக்குச் சுருக்கித்தான் சொல்றீங்க. பஸ் ஸ்டாப்ல, ஆஸ்பத்திரில, ஆபீஸ்ல, எல்லா இடத்துலயும். எது முக்கியம்னு நீங்களே முடிவு பண்ணி மிச்சத்தை வெட்டிடறீங்க. வெட்டினது என்னன்னே எனக்குத் தெரியாது. உங்ககிட்ட இல்லாம நான் யார்கிட்ட கேட்பேன்?"

 நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்தார், தொண்டையைக் கனைத்தார்.

"முதல் வரிலேர்ந்து படிக்கிறேன். எழுத்து எழுத்தா. எதையும் விட மாட்டேன்."

படித்தார். எல், ஐ, பி என்று ஒவ்வொரு எழுத்தாக. புள்ளி, கோடு, எண், மறுபடி புள்ளி. முக்காற்புள்ளிக்கு ஆங்கிலத்தில் என்ன என்று தெரியாமல், "மேல ஒரு புள்ளி, கீழ ஒரு புள்ளி" என்றார். நான் கைப்பேசியில் தட்டிக்கொண்டே வந்தேன். கடைசி எழுத்து வரை படித்துவிட்டு, "அவ்வளவுதான். இதுக்கு மேல எதுவும் இல்ல" என்றார். பிறகு என் தோளில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். அந்தக் கணத்தில் அவரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஆந்தையின் பதில்: "இதுதான் வரி. லைப்ரரி இருக்கிறது. புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்திருப்பதை உன் கணினிக்கு யாரும் சொல்லவில்லை. எல்டி கன்ஃபிக் என்று ஒரு கட்டளை கொடு. நான் கிளம்புகிறேன்."

அந்த அமைதியிலேயே கட்டளையைத் தட்டினேன். கடவுச்சொல்லையும் தட்டினேன். "புதுசா பிழை எதுவும் வரலை, வெறும் கோடு மின்னிக்கிட்டு இருக்கு" என்றார் கணவர். எல்லாம் சுத்தமாகத் தொடங்கட்டும் என்று கணினியிலிருந்து வெளியேறி மறுபடி நுழைந்தேன்.

"திரை வாசிப்பு தொடங்கியது" என்றது குரல்.

கைதட்டினேன். கணவரும் தட்டினார். புகார் ப்ரோக்ராமின் பயிற்சிப் பக்கத்தை வீட்டிலிருந்தே திறக்கலாம். திறந்து, தெருப் பட்டியலுக்குப் போய், அம்புக்குறியை அழுத்தினேன்.

"பட்டியல். காலி."

ஞாயிற்றுக்கிழமை காலை வரை அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்று கணவரிடம் சொல்லிவிட்டேன். அவரும் எடுக்கவில்லை. எழுந்து காபியைக் குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். ஆந்தைக்கு எழுதினேன், பதில் இல்லை. பகல் அல்லவா, ஆந்தை தூங்கப் போயிருக்கும். இனி நானும் என் மண்டையும்தான்.

முனையத்தில் வாசிப்பானின் பதிப்பு எண்ணைக் கேட்டேன். புதிய எண்ணைச் சொன்னது. ஆக, புதியது நிறுவப்பட்டிருக்கிறது. ஆனால் பட்டியல் காலி. ஒன்று, ஆந்தையின் திருத்தம் வேலை செய்யவில்லை. அல்லது வேறு ஏதோ. அந்த 'வேறு ஏதோ' என்னை அரித்தது. முழு வரியைச் சொல்லாமல் ஏதோ, ஏதோ என்றால் எனக்கே பிடிக்கவில்லை.

இந்தக் குரல்தான் புதியது என்று நான் எதை வைத்து நம்பினேன்? அது பேசியது, நான் நம்பினேன். பழையதும் இதே குரலில்தானே பேசும்? தொலைபேசியில் ஒரே குரலுள்ள இரண்டு சகோதரிகளில் யார் பேசுகிறார்கள் என்று தெரியாவிட்டால் என்ன செய்வோம்? ஒருத்திக்கு மட்டும் தெரிந்ததைக் கேட்போம்.

மூலநிரல் முழுவதும் என் கையில் இருக்கிறது. அதற்குள் 'திரை வாசிப்பு தொடங்கியது' என்ற வாசகத்தைத் தேடினேன். ஒரு கோப்பில் அகப்பட்டது. அதை அழித்துவிட்டு என் சொந்த வாசகத்தை எழுதினேன். மேற்கோள் குறிகள் இரண்டும் இருக்கின்றனவா என்று எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொல்லிச் சரிபார்த்தேன். மறுபடி மேக். மாற்றிய ஒரு கோப்பை மட்டும் அது மறுபடி கட்டியது, கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. இன்ஸ்டால். வெளியே போய் உள்ளே வந்தேன்.

"திரை வாசிப்பு தொடங்கியது."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். என்ன ஆனந்தம் தெரியுமா, தோற்றதில்? பேசுகிறவள் என்னுடையவள் இல்லை. நான் பெற்று வளர்த்தவள் எங்கோ மூலையில் சும்மா உட்கார்ந்திருக்க, பழையவளே நேற்றிலிருந்து என்னிடம் பேசிக்கொண்டிருக்கிறாள்.

முனையத்தில் இந்தப் பெயரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டேன். இரண்டு முகவரி சொன்னது. நானே கட்டுவது 'லோக்கல்' என்ற தனி அறைக்குள் போய் உட்காருமாம்; கணினியோடு வந்தது பழைய அறையிலேயே இருக்குமாம். முனையத்தில் பெயரைத் தட்டினால் லோக்கல் அறைக்காரி முந்திக்கொள்கிறாள், அதனால்தான் புதிய எண். ஆனால் நான் கணினிக்குள் நுழையும்போது தானாகத் தொடங்குகிற கோப்பில் பழைய அறையின் முகவரியே எழுதியிருந்தது. புதியவளை அழைத்து வந்துவிட்டு அழைப்பிதழைப் பழைய வீட்டுக்கே கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த முகவரியில் 'லோக்கல்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தேன். வெளியேறினேன். நுழைந்தேன்.

"சுருக்காமல் சொல்கிறேன், கேள்" என்றது குரல்.

குளியலறையிலிருந்து கணவர், "யாரு வந்திருக்கா?" என்று கேட்டார்.

 பயிற்சிப் பக்கத்தில் தெருப் பட்டியலைத் திறந்து அம்புக்குறியை அழுத்தினேன். முதல் தெரு. அழுத்தினேன். இரண்டாவது தெரு. சந்து, குறுக்குத் தெரு, மேல் தெரு, பள்ளிக்கூடத் தெரு. ஊரில் உள்ள அத்தனை தெருவையும் கடைசி வரை கேட்டேன். அதற்குத் தேவையே இல்லை. ஆசையாக இருந்தது, கேட்டேன். ஈரத் துண்டோடு வந்து நின்ற மனிதரும் கடைசித் தெரு வரை கேட்டுவிட்டுத்தான் தலையைத் துவட்டினார்.

திங்கட்கிழமை என் இருக்கையில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கைக்காரி என் கையை ஒருமுறை அழுத்தினாள். மேலாளர் வந்தார், செருமினார், என் வலப்பக்கம் நின்றார். அவருக்கும் படபடப்பு இருந்திருக்க வேண்டும். பேனாவை டக் டக் என்று அழுத்திக்கொண்டே இருந்தார்.

முதல் அழைப்பு, குழாய்க் கசிவு. தெரு கிடைத்தது, பதிந்தேன். இரண்டாவது, கலங்கல் தண்ணீர். பதிந்தேன். மேலாளரின் பேனா நின்றுவிட்டது. மூன்றாவதை எடுத்ததுமே இடது காது கொதித்தது.

"ரெண்டு நாளாத் தண்ணி இல்ல. என்னதான் பண்றீங்க அங்க?"

தெருவைக் கேட்டேன். பட்டியலில் போய்த் தேர்ந்தெடுத்தேன். அந்தத் தெருவுக்கு எதிரே ஒரு குறிப்பு இருந்தது. வலது காதில் அதுவும் முழுசாக விழுந்தது. பெரிய குழாய் மாற்றுகிறார்கள், நாளை மாலைக்கு முன் தண்ணீர் வராது.

"சார், உங்க ஏரியாவுல பெரிய குழாய் மாத்துறாங்க. நாளைக்குச் சாயங்காலம்தான் வரும். அதுக்குள்ள வேணும்னா லாரிக்குப் பதிஞ்சு வைக்கிறேன்."

"நாளைக்கா? இன்னைக்கு வரும்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"

"வராது சார். வராததை வரும்னு நான் சொல்ல முடியாது."

பிடித்துக்கொண்டார் மனிதர். அலுவலகத்தைத் திட்டினார், குழாயைத் திட்டினார், சம்பளம் எதற்கு வாங்குகிறீர்கள் என்று கேட்டார், கடைசியில் நேராக என்னைத் திட்ட ஆரம்பித்தார். அவர் போட்ட சத்தம் ஹெட்போனைத் தாண்டி மேலாளருக்கே கேட்டிருக்கிறது. குனிந்து, "மேடம், குடுங்க, நான் பேசிக்கிறேன். உங்களுக்கு எதுக்கு..." என்று ஆரம்பித்தார். நான் கையை உயர்த்தினேன். அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

வரவேற்பில் இருந்த நாளெல்லாம் என்னிடம் ஒருவர்கூடக் கோபப்படவில்லை. இவர் கோபப்படுகிறார். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது எப்படிப்பட்டவள் என்று இவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் அவசியமில்லை. இவருக்குத் தண்ணீர் வேண்டும், தராத அலுவலகத்தில் அகப்பட்ட ஆள் நான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சந்தோஷத்தில்தான்.

லாரிக்குப் பதிந்து, புகார் எண்ணைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். ஆனாலும் ஆத்திரம் தீரவில்லை.

"உங்க பேரைச் சொல்லுங்க. உங்க மேல நான் மேலிடத்துல புகார் குடுக்கப் போறேன்."

"தாராளமாக் குடுங்க சார். எழுதிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு, தலைப்பெழுத்திலிருந்து ஆரம்பித்து என் முழுப் பெயரையும் அவருக்கு எழுத்துக்கூட்டிச் சொன்னேன். இருக்கை எண்ணையும் சொன்னேன்.